வீடு தேடி வந்த வாக்குச்சீட்டு

தேர்தல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் முதலில் எழுவது வாக்குச்சாவடியே. காலை வெயிலில் நீண்டு நிற்கும் வரிசை, பள்ளிக்கூடத்து வகுப்பறை, பெயர்ப் பட்டியலை விரித்து வைத்து அமர்ந்திருக்கும் அலுவலர், விரலில் வைக்கும் மை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே தேர்தல் என்று நாம் பழகிவிட்டோம். சாவடி என்னும் சொல்லே ஊர்ப் பொதுவிடத்தைக் குறிப்பது. ஊரார் கூடி வழக்குப் பேசவும், வழிப்போக்கர் இளைப்பாறவும் அமைந்த இடம் அது. அச்சொல்லோடு வாக்கு என்பதைச் சேர்த்தவர் எவராயினும் பொருத்தம் அறிந்தே சேர்த்தார் எனலாம். வாக்கு ஊர் காண அளிக்கப்படுவது. யாருக்கு அளித்தோம் என்பது மட்டுமே ஊர் அறியாதது.

இச்சாவடியை அடியோடு நீக்கிவிட்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் வீட்டிற்கும் வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பி, அஞ்சலிலேயே திரும்பப் பெற்றுத் தேர்தலை நடத்தி முடிக்கும் வழக்கம் உலகில் சில இடங்களில் வேரூன்றியுள்ளது. இதனைத் தொடங்கியவை பேரரசுகள் அல்ல. அறிஞர் மன்றங்களும் அல்ல. குடிநீர், சாக்கடை, பள்ளி வரி, தீயணைப்பு என்று அன்றாடக் கவலைகளில் உழலும் உள்ளாட்சி அலுவலகங்களே இதனை முதலில் கையாண்டன. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையில் நிகழ்ந்த அவ்வரலாற்றை ஈண்டு ஓரளவு விரித்துரைக்க விரும்புகிறேன். பிறந்த ஊரில் பெயரும் பிழைக்கும் ஊரில் வீடுமாக வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இது வெறும் அயல்நாட்டுச் செய்தி அன்று. வாக்கு மனிதனைச் சேர்ந்ததா, முகவரியைச் சேர்ந்ததா என்னும் வினா அதன் அடியில் கிடக்கிறது.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வேண்டும். அஞ்சல் வாக்கு வேறு. அஞ்சல் தேர்தல் வேறு. அஞ்சல் வாக்கு நம் நாட்டிலும் உண்டு. படைவீரர்க்கும், தேர்தற் பணியில் அமர்த்தப்பட்ட ஊழியர்க்கும் 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் அவ்வாய்ப்பை அளிக்கின்றன. 2016ஆம் ஆண்டு முதல் படைவீரருக்குரிய சீட்டு மின்வழியில் சென்று அஞ்சலில் திரும்புகிறது. 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயது கடந்த முதியோர்க்கும் அவ்வுரிமை இருந்தது. ஆயின் அம்முதியவரின் 'அஞ்சல் வாக்கு' அஞ்சற் பெட்டியைக் காண்பதில்லை. அலுவலர் குழுவே வீடு தேடி வந்து அதனைப் பெற்றுச் செல்கிறது! பிழைப்புக்காக வேறு மாநிலம் சென்றவருக்கோ இவற்றுள் எதுவும் இல்லை. அவர் பெயரைப் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது தேர்தல் நாளில் தொடர்வண்டி ஏறவேண்டும். புலம்பெயர்ந்தோர் இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்க உதவும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023ஆம் ஆண்டு சனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முற்பட்டபோது கட்சிகள் பல ஐயங்களை எழுப்பின. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் அது பயன்படுத்தப்படவில்லை.

இவையெல்லாம் விதிவிலக்குகள். கேட்பவருக்கு, அல்லது இன்ன வகையினர்க்கு மட்டும், சீட்டை அனுப்புவது. அமெரிக்காவிலும் நெடுங்காலம் இதுவே நிலை. 1864ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கையில், வடபுல மாநிலங்கள் பல தம் படைவீரரைப் பாசறையிலிருந்தே வாக்களிக்கச் செய்தன. பின்னர் நோயாளிக்கும் பயணிக்கும் அச்சலுகை விரிந்தது. கேட்டாலும் கேளாவிட்டாலும் அனைவருக்கும் சீட்டை அனுப்புவது, சாவடியையே திறவாதிருப்பது என்பது இதனினும் முற்றிலும் மாறான எண்ணம். அஃது 1977ஆம் ஆண்டில், கலிபோர்னியா மாநிலத்து மாண்டரே மாவட்டத்தில் ஓர் உள்ளூர்த் தேர்தலில் முதன்முதலாகச் செயற்பட்டது. கடலோர மீன்பிடி நகரங்களும் கீரைத் தோட்டங்களும் நிறைந்த மாவட்டம் அது.

உள்ளூர்த் தேர்தலில் ஏன் தொடங்கினர் என்பதை அறிய, அந்நாட்டு ஆட்சி அமைப்பைச் சிறிது நோக்கவேண்டும். நம் மாவட்டத்தை ஒத்த 'கவுண்டி' என்னும் பிரிவுதான் அங்கே தேர்தலை நடத்துவது. குடியரசுத் தலைவர் தேர்தலாயினும், ஊர்ச் சாக்கடை வரியாயினும், சீட்டை அச்சிட்டு எண்ணி முடிப்பவர் அம்மாவட்ட எழுத்தரே. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மக்கள் திரண்டு வருவர். ஆனால் நீர் வாரியத்திற்கு ஓர் உறுப்பினர், பள்ளிக்கூடத்திற்குக் கூடுதல் வரி என்று ஆண்டு முழுதும் சில்லறைத் தேர்தல்கள் வந்தவண்ணம் இருக்கும். அவற்றிற்கும் சாவடி திறக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் அலுவலரை நாள் முழுதும் அமர்த்திக் கூலி கொடுக்கவேண்டும். வருவோர் சிலரே. ஈ ஓட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் சாவடிக்குச் செலவழித்த பணத்தைக் கணக்கெழுதும் எழுத்தர், அஞ்சல்தலை இதனினும் மலிவாயிற்றே என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆகவே இம்முறையைப் பெற்றெடுத்த தாய் சிக்கனம். மக்களாட்சித் தத்துவம் வளர்ப்புத்தாயாகப் பின்னரே வந்து சேர்ந்தது.

மாண்டரேயை அடுத்து, அதே மாநிலத்துச் சான் டியேகோ மாநகரம் 1981ஆம் ஆண்டில் இதனைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. மாநகரத்தில் ஒரு மாநாட்டு மண்டபம் கட்டலாமா என்பதே கேள்வி. பதிவு பெற்ற வாக்காளருள் 100க்கு ஏறத்தாழ 60 பேர் சீட்டைத் திருப்பி அனுப்பினர். இத்தகைய தனித் தேர்தலுக்கு அது பெருந்தொகை. மண்டபம் வேண்டா என்றே அவர்கள் கூறினர் என்பது வேறு செய்தி. ஆயின் வழக்கு ஒன்று எழுந்தது. வாக்கு மறைவாக இருத்தல் வேண்டும் என்று மாநில அரசமைப்புச் சட்டம் விதிக்கிறது. சமையலறை மேசையில் குடும்பத்தார் சூழ அமர்ந்து குறியிடும் சீட்டு எங்ஙனம் மறைவானதாகும் என்பது வழக்காடியவர் வாதம். 1983ஆம் ஆண்டில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. மறைவு என்பது வாக்காளருக்குத் தரப்பட்ட காப்பு. வாக்களிக்கும் வழியை எளிதாக்குவதற்கு அதுவே தடையாகக் கூடாது என்ற போக்கில் அத்தீர்ப்பு அமைந்தது. சட்டப்படி வழி திறந்தது. வழக்காடியவர் எழுப்பிய வினா மட்டும் தீர்ப்போடு தீர்ந்துவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கலிபோர்னியா தொடங்கியதை வளர்த்து முழுமையாக்கிய பெருமை அதன் வடக்கே உள்ள ஓரிகன் மாநிலத்தைச் சாரும். அம்மாநிலத்தில் லின் என்றொரு மாவட்டம்; புல்விதை வேளாண்மைக்குப் பெயர்பெற்ற சமவெளி. அங்கே மாவட்ட எழுத்தராக இருந்தவர் டெல் ரைலி. மாநிலத்தின் தேர்தல் துறையைத் தலைமை தாங்கிய மாநிலச் செயலாளர் நார்மா பாலஸ் அம்மையார், அம்மாநிலம் முழுவதுமான தேர்தலில் வென்று பதவியேற்ற முதல் பெண்மணி. ரைலியின் எண்ணத்தை அம்மையார் ஆதரித்தார். உள்ளாட்சித் தேர்தல்களில் மட்டும் சோதனையாக நடத்திப் பார்க்க மாநிலச் சட்டமன்றம் 1981ஆம் ஆண்டில் இசைந்தது. அவ்வாண்டு நவம்பரில் லின் மாவட்டம் அஞ்சல் தேர்தலை நடத்திற்று. அடுத்தடுத்துப் பிற மாவட்டங்களும் வந்து சேர, 1987ஆம் ஆண்டில் அச்சோதனை நிலையான சட்டமாயிற்று. எந்த ஆணையும் மேலிருந்து இறங்கவில்லை. ஒரு மாவட்டத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து அடுத்த மாவட்டம் மாறியது.

அது நடைபெறும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இதன் நன்மையும் தீமையும் அம்முறையின் நுட்பங்களிலேயே அடங்கியுள்ளன. தேர்தல் நாளுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர்ச் சீட்டுகள் அஞ்சலில் சேர்க்கப்படுகின்றன. உறையினுள் வாக்குச்சீட்டு, அதனைப் பொதிந்து வைக்க ஓர் உள்ளுறை, திருப்பி அனுப்ப ஒரு வெளியுறை என மூன்றும் இருக்கும். வாக்காளர் குறியிட்டுச் சீட்டை உள்ளுறையில் இட்டு, அதனை வெளியுறையில் வைத்து ஒட்டி, வெளியுறையின்மேல் கையொப்பம் இடவேண்டும். அக்கையொப்பம் இன்றேல் வாக்கு இல்லை. அலுவலகத்தில் அதனைப் பெயர்ப்பதிவின்போது இட்ட கையொப்பத்தோடு ஒப்பிடுகின்றனர். ஒத்திருந்தால் வெளியுறையைப் பிரித்து, பெயர் தாங்கிய அவ்வுறையை ஒருபுறமும், பெயரற்ற உள்ளுறையை மறுபுறமும் பிரித்து வைப்பர். அக்கணத்தில்தான் வாக்கு அதன் உரியவரை விட்டுப் பிரிந்து மறைவாகிறது. ஒத்திராவிடில் வாக்காளருக்குச் செய்தி அனுப்பி விளக்கம் கேட்கின்றனர். முதுமையால் கை நடுங்குவோரின் கையொப்பம் ஆண்டுக்காண்டு மாறுவது இயல்பாதலின், இவ்வொப்பீடு அவ்வளவு எளிய வேலை அன்று.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படித்த நம்மவர்க்கு இவ்விடத்தில் ஒன்று நினைவிற்கு வரக்கூடும். முதற் பராந்தக சோழன் காலத்து அக்குடவோலை முறை வாக்கெடுப்பு அன்று. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த திருவுளச்சீட்டு. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது மிகையாகும். ஆயினும் எடுத்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும் என்று அக்கல்வெட்டு விதிப்பது எண்ணத்தக்கது. ஓலை கைமாறுமிடத்தை ஊர்ச்சபை கண்ணாற் காணவேண்டும் என்பதே அதன் கருத்து. அஞ்சல் தேர்தலில் சீட்டு கைமாறும் இடங்கள் பல: அச்சகம், அஞ்சலகம், வீட்டு வாயிற் பெட்டி, மேசை, மீண்டும் அஞ்சலகம். விரித்த விரலுக்கு ஈடாக அங்கே நிற்பது அவ்வொற்றைக் கையொப்பமே.

இனி முகவரி. ஓரிகனில் வாக்குச்சீட்டு தாங்கிய உறையை, வாக்காளர் வீடு மாறிச் சென்றிருந்தால், அஞ்சல்காரர் புதிய வீட்டிற்குத் திருப்பி விடுவதில்லை. அனுப்பிய அலுவலகத்திற்கே அது மீள்கிறது. வாக்காளர் இடம் மாறியதை எழுத்தர் அதனால் அறிந்து பட்டியலைச் சீர்செய்கிறார். இறந்தோர், ஊர்விட்டுச் சென்றோர் பெயர்கள் இவ்வாறு கழிகின்றன. பட்டியல் தூய்மைக்கு இதனினும் நல்ல வழி இல்லை என்பர் எழுத்தர்கள், அது மெய்யே. ஆனால் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவன், உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவன், வேலை தேடி அலைபவன் ஆகியோருக்கு அதே வழி வேறு முகம் காட்டுகிறது. அன்று சாவடி அவனுக்காக ஓரிடத்தில் காத்திருந்தது. சீட்டோ அவன் இருக்குமிடத்தைத் தேடி வந்து, காணாது திரும்பிவிடுகிறது. ஆண்டுக்கொரு வீடு மாறிப் பழகிய நம்மவர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

ஓரிகனில் உள்ளாட்சி எல்லையைத் தாண்டி மாநில முழுமைக்கும் இது பரவிய கதையில் அரசியல் விளையாட்டு உண்டு. 1993ஆம் ஆண்டு சூன் மாதத்தில் மாநிலம் தழுவிய முதல் அஞ்சல் தேர்தல் நடந்தது. 1995ஆம் ஆண்டில், குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மை பெற்றிருந்த சட்டமன்றம் எல்லாத் தேர்தல்களுக்கும் இதனை விரிவாக்கச் சட்டம் இயற்றியது. சனநாயகக் கட்சி ஆளுநர் ஜான் கிட்சாபர் அதனைத் தம் மறுப்பாணையால் தடுத்தார். அடுத்த சில திங்களில், பதவி விலகிய பாப் பாக்வுட் என்பாரின் செனட் இடத்திற்கு 1996ஆம் ஆண்டு சனவரியில் நடந்த தேர்தல் முழுதும் அஞ்சலில் நடைபெற்றது. அதில் சனநாயகக் கட்சியின் ரான் வைடன் வென்றார். உடனே காட்சி மாறிற்று! நேற்று வரை ஐயுற்றோர் ஆதரவாளராயினர்; ஆதரித்தோர் ஐயுற்றனர். 1997ஆம் ஆண்டில் மீண்டும் வந்த சட்டமுன்வரைவு குடியரசுக் கட்சியினரின் மேலவைக் குழுவிலேயே மடிந்தது. இரு கட்சியும் இவ்வாறு இடம் மாறிக்கொண்டதைக் காணும்போது, கொள்கை என்று மேடையில் முழங்கப்படுவதில் எத்துணைப் பங்கு கணக்கு என்பது விளங்கும்.

இறுதியில் மக்களே கையெழுத்துத் திரட்டி அதனை நேரடி வாக்கெடுப்பிற்குக் கொண்டுவந்தனர். 1998ஆம் ஆண்டு நவம்பரில் 100க்கு 69 பேர் இசைவளித்தனர். அவ்வாக்கெடுப்பு நடந்தது சாவடிகளில் என்பதில் ஒரு நயம் உண்டு; தம்மை மூடுவதற்கான வாக்கைத் தாமே பெற்றுக்கொண்டன அச்சாவடிகள். 2000ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தேர்தலையே ஓரிகன் முழுதும் அஞ்சலில் நடத்திற்று; பதிவு பெற்றோரில் 100க்கு ஏறத்தாழ 80 பேர் வாக்களித்தனர்.

அதன் பின்னர் அண்டை மாநிலங்கள் தொடர்ந்தன. வாசிங்டன் மாநிலம் 2005ஆம் ஆண்டில் விருப்பத்தை மாவட்டங்களிடம் விட்டது; சியாட்டில் நகரைக் கொண்ட கிங் மாவட்டம் 2009ஆம் ஆண்டில் மாறியது; 2011ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய ஒரே மாவட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. கொலராடோ 2013ஆம் ஆண்டில் எல்லா வாக்காளர்க்கும் சீட்டு அனுப்பத் தொடங்கினாலும் நேரில் வாக்களிக்கும் மையங்களையும் வைத்துக்கொண்டது. யூட்டா 2012ஆம் ஆண்டு முதல் மாவட்டந்தோறும் மாறி வந்தது. பின்னர் 2025ஆம் ஆண்டில் அம்மாநிலச் சட்டமன்றமே, 2029ஆம் ஆண்டு முதல் வேண்டும் என்று கேட்பவருக்கே சீட்டு அனுப்பப்படும் எனச் சட்டம் இயற்றியது. ஆறு எப்போதும் ஒரே திசையில் ஓடுவதில்லை.

அஞ்சல் முறையால் வாக்களிப்போர் தொகை பெருகிற்றா? இக்கேள்விக்கு ஆர்வலர் தரும் விடையும் ஆய்வாளர் தரும் விடையும் ஒன்றல்ல. கலிபோர்னியாவில் வாக்காளர் மிகக் குறைந்த சிறு பகுதிகளை மட்டும் அஞ்சலுக்கு மாற்ற எழுத்தருக்கு உரிமை உண்டு. அதனால் அக்கம் பக்கத்து ஊர்களில் ஒன்று அஞ்சலிலும் மற்றொன்று சாவடியிலும் வாக்களிக்கும் நிலை நேர்ந்தது. இதனைப் பயன்படுத்தி தாட் கௌசர், மேகன் முல்லின் என்னும் இருவர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் முடிவு சுவையானது. பெரிய பொதுத்தேர்தல்களில் அஞ்சல் ஊர்களில் வாக்களிப்போர் சற்றே குறைந்தனர். தனியே நடந்த உள்ளூர்த் தேர்தல்களிலோ 100க்கு 7 அல்லது 8 பேர் கூடினர். அதாவது, திருவிழா நாளில் தேர் இழுக்க எவரையும் வீடு சென்று அழைக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் நடக்கும் பூசைக்கே நினைவூட்டல் தேவை. எழுத்தர்கள் தொடங்கிய இடம் சரியான இடமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. கொலராடோவிற்கு முன்னரே, ஓரிகன் அனுபவத்தை ஆராய்ந்தோரும், புதியவரை இழுத்து வருவதைவிடப் பழைய வாக்காளரை விடாது பிடித்து வைப்பதே இம்முறையின் பயன் எனக் கண்டனர். எந்தக் கட்சிக்கும் இதனால் தனி ஆதாயம் இல்லை என்பதும் கலிபோர்னியா, யூட்டா, வாசிங்டன் மாவட்டங்களை ஒப்பிட்டு 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின் முடிவு.

இதே முறையை மேற்கொண்ட பிற நாடுகளின் கதை வேறு. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு முதல் உள்ளாட்சித் தேர்தல்களில் சோதனைகள் நடந்தன. 2004ஆம் ஆண்டு சூனில் நான்கு மண்டலங்களில் தேர்தல் முழுதும் அஞ்சலில் நடத்தப்பட்டது. அதே நாளில், அச்சோதனைக்குப் புறத்தேயிருந்த பர்மிங்காம் மாநகரில் கேட்டோர்க்கெல்லாம் அஞ்சற்சீட்டு தரப்பட்டது. அங்கே இரு வட்டங்களின் தேர்தல் 2005ஆம் ஆண்டில் செல்லாதென அறிவிக்கப்பட்டது. வழக்கை விசாரித்த ஆணையர் ரிச்சர்டு மாவ்ரி, நாணமற்ற நாடுகளும் நாணும் அளவிற்கு மோசடி நடந்ததாகக் கடுமையாகக் கூறினார். சீட்டுகள் வீடுகளிலிருந்து திரட்டப்பட்டு, பிறர் கையால் நிரப்பப்பட்டிருந்தன. அந்நாளில் ஆங்கில நாட்டுப் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்க்கக் கையொப்பமே இல்லை என்பதைக் கருதுக. ஓரிகனின் பூட்டை வாங்காமல் கதவை மட்டும் வாங்கிப் பொருத்தியது போலாயிற்று. அஞ்சல் வாக்குக்குக் கையொப்பமும் பிறந்த நாளும் கேட்கும் சட்டம் 2006ஆம் ஆண்டில்தான் வந்தது. முற்றிலும் அஞ்சலில் நடத்தும் முறையை அந்நாடு கைவிட்டது. சான் டியேகோவில் எழுந்த சமையலறை மேசை வினா இங்கே முழு உருவில் நின்றது. சாவடியின் திரைக்குப் பின்னால் தந்தையும் இல்லை, கணவனும் இல்லை, சாதித் தலைவரும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. 1856ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் மறைவாக்கு முறையைப் படைத்ததே இத்தகையோரின் கண்ணிலிருந்து வாக்காளரைக் காக்கத்தான். சீட்டு வீட்டிற்குள் நுழையும்போது அத்திரை வெளியே நின்றுவிடுகிறது. கூட்டுக்குடும்பம் அறிந்த நமக்கு இது சொல்லி விளங்க வேண்டியதில்லை.

நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டு முதல் உள்ளாட்சிகள் பெரும்பாலும் அஞ்சலிலேயே தேர்தல் நடத்தி வந்தன. தொடக்கத்தில் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர்; 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 100க்கு 40 பேரே. இடையில் அஞ்சலே மெலிந்துவிட்டது. 2015ஆம் ஆண்டு முதல் நகரங்களில் வாரத்திற்கு மூன்று நாள் மட்டுமே கடிதம் வழங்கப்பட்டது. கடிதம் எழுதும் பழக்கமே அற்ற இளைஞனுக்கு அஞ்சற் பெட்டி எங்கிருக்கிறது என்பதே தெரியாத நிலை.

இவையனைத்தையும் ஒருங்கே ஓரிடத்தில் காணவேண்டுமாயின் யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள சான் வான் மாவட்டத்திற்குச் செல்லவேண்டும். ஏறத்தாழ 20,000 சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு. வாழ்வோரோ 15,000 பேர் அளவினர். செந்நிறப் பாறைத் தூண்கள் நிற்கும் மானுமென்ட் பள்ளத்தாக்கைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அதன் ஒரு பகுதி இம்மாவட்டத்தது. மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நவஹோ என்னும் தொல்குடியினர். இரண்டாம் உலகப் போரில் எதிரி அறியாவண்ணம் செய்தி அனுப்ப அமெரிக்கப் படை பயன்படுத்தியது இவர்களுடைய மொழியையே. அம்மொழி நெடுங்காலம் வாய்மொழியாகவே வாழ்ந்து வந்தது, எழுத்துருவம் பிற்காலத்தது, முதியோர் பலர் அதனைப் படிக்கவும் அறியார், ஆங்கிலமும் அறியார். ஆகவே வாக்குச்சாவடியில் மொழிபெயர்ப்பாளர் அமர்ந்து சீட்டில் உள்ளதை வாய்விட்டு விளக்கவேண்டும். 1980களில் நடுவண் அரசு இம்மாவட்டத்தின்மேல் வழக்குத் தொடுத்துப் பெற்றுத் தந்த ஏற்பாடு அது.

2014ஆம் ஆண்டில் மாவட்ட நிருவாகம் அஞ்சல் தேர்தலுக்கு மாறியது. சாவடிகள் மூடப்பட்டன. நேரில் வாக்களிக்க எஞ்சியது மாவட்டத் தலைநகரான மான்டிசெல்லோ ஒன்றே. நவஹோ மலைப் பகுதியிலிருந்து அங்கே செல்ல, மாநில எல்லை கடந்து சுற்றிக்கொண்டு, ஒருவழிக்கே ஏறத்தாழ 200 மைல். அஞ்சலோ வீட்டிற்கு வருவதில்லை. அங்குள்ள வீடுகளில் பலவற்றிற்குத் தெருவும் இல்லை, எண்ணும் இல்லை. தொலைவிலுள்ள அஞ்சலகத்தில் ஒரு பெட்டியைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும். வாரக்கணக்கில் பெட்டியைத் திறவாதாரும் உண்டு. திறந்து எடுத்தவர் கையிலோ ஆங்கிலச் சீட்டு. அதனை வாய்விட்டு விளக்க எவரும் இலர்.

சிக்கனமும் எளிமையும் கூறியே இம்மாவட்டமும் மாறியது; லின் மாவட்டம் கூறிய அதே காரணங்கள்தாம். புல்விதைச் சமவெளியில் ஒவ்வொரு பண்ணை வீட்டு வாயிலிலும் ஓர் அஞ்சற் பெட்டி நின்றது. பாலை நிலத்தில் அது நிற்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

நவஹோ நாட்டின் மனித உரிமை ஆணையமும் வாக்காளர் சிலரும் 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தனர். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே மாவட்டம் தொல்குடிப் பகுதியில் சில சாவடிகளை மீண்டும் திறந்தது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் இருதரப்பும் உடன்பட்டன. சாவடிகள் தொடர்ந்து இருக்கவேண்டும். நவஹோ மொழியில் விளக்குவோர் அங்கே இருக்கவேண்டும். தேர்தல் செய்திகள் அம்மொழியில் அறிவிக்கப்படவேண்டும் என்பன அவ்வுடன்பாட்டின் கூறுகள். அஞ்சற்சீட்டு அனுப்புவதை நிறுத்தவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வேறொரு வழக்கில் தொகுதி எல்லைகள் திருத்தப்பட்டிருந்தமையால், அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் மாவட்ட ஆட்சிக்குழுவின் மூன்று இடங்களில் இரண்டை நவஹோ வேட்பாளர் பெற்றனர். வரலாற்றில் முதன்முறையாக அவர்கள் அங்கே பெரும்பான்மையாயினர். வடபுலத்து ஊர்களில் உறைகள் அஞ்சலில் வந்து சேர்ந்த அதே தேர்தலில், தென்புலத்துச் சாவடிகளில் முதியோர் வரிசையில் நின்று, சீட்டில் உள்ள பெயர்களையும் வினாக்களையும் ஒருவர் தம் மொழியில் உரக்கச் சொல்லக் கேட்டு வாக்களித்தனர்.